ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்குங்கள்: அரசுப் பள்ளிப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க ஒரு கையேடு

தமிழ்நாட்டில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, விடுதி என்று வரிசையாக இருக்கிறது. பிள்ளைகள் நழுவுவதெல்லாம் சின்னச் சின்ன இடங்களில்தான். அப்பா பெயர் சாதிச் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். வருமானச் சான்று காலாவதியாகிக் கிடக்கும். வங்கிக் கணக்கு இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ரிசல்ட் வந்தபின் இவற்றைச் சரிசெய்யக் கிளம்பினால் கலந்தாய்வுத் தேதி யாருக்காகவும் நிற்காது. பிள்ளைக்குத் துணையாக அலையும் ஆசிரியர், தன்னார்வலர், அக்கா, சித்தப்பா ஆகியோருக்காக எழுதியது இது.

பெயர் ஒன்றாக இருக்கிறதா

ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒரு நாள் உட்கார்ந்து ஐந்து தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்று, வங்கிப் பாஸ்புத்தகம், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் உள்ள பதிவு. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

வித்தியாசம் இருந்தால் பத்தாம் வகுப்புப் பட்டியலை அச்சாணியாக வைத்து மற்றவற்றை அதற்கு இழுத்து வாருங்கள். அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். அதனால் அவசரத்தில் ஒரு திருத்தத்தை வீணாக்காதீர்கள். பெரும்பாலும் சிக்குவது இனிஷியல்தான். ஒரு தாளில் ‘ர. கவிதா’, இன்னொன்றில் ‘கவிதா ர’, மூன்றாவதில் ‘கவிதா ரங்கசாமி’ என்று இருக்கும். மனிதக் கண்ணுக்கு மூவரும் ஒருவரே. கணினிக்கு மூன்று பேர்.

15 வயதுக்குமேல் கைரேகை, கண் பதிவைப் புதுப்பித்தாகிவிட்டதா என்றும் பாருங்கள். சின்ன வயதில் எடுத்த ஆதாரோடு அப்படியே இருக்கும் பிள்ளைக்கு, வங்கியிலோ கல்லூரியிலோ விரல் வைக்கும்போது ‘பொருந்தவில்லை’ என்று வந்து நிற்கும்.

எமிஸில் இன்னொரு வேலை இருக்கிறது. 6 முதல் 12 வரை எந்தெந்தப் பள்ளியில் எந்த ஆண்டு படித்தார் என்ற வரலாறு அதில் முழுதாக இருக்க வேண்டும். 7.5 ஒதுக்கீட்டுக்கும் மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களுக்கும் அடித்தளம் அந்தப் பதிவுதான். நடுவில் பள்ளி மாறிய பிள்ளை என்றால் ஒவ்வொரு பள்ளியிலும், அங்கே படித்ததை உறுதிசெய்யும் போனஃபைட் சான்று வாங்கி வைத்துவிடுங்கள். ஏழாம் வகுப்பு படித்த ஊர் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஜூனில் போய் நிற்க முடியாது.

இ-சேவையில் வாங்க வேண்டியவை

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளை இ-சேவை மையத்தில் பதியலாம். ஒரு சான்றுக்கு 60 ரூபாய். அதற்குமேல் கேட்டால் ரசீது கேளுங்கள். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறித்தான் வட்டாட்சியர் அலுவலகம் போகும். நடுவில் ஒருவர் விடுப்பில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒப்புகை எண்ணைக் கொண்டு எந்த மேசையில் நிற்கிறது என்று பாருங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் காரணமும் அங்கேயே தெரியும்.

சாதிச் சான்று கையால் எழுதிய பழைய அட்டையாக இருந்தால் கணினிச் சான்றாக மாற்றிக்கொள்ளுங்கள். பழங்குடியினர் சான்றை மட்டும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தருவார். விசாரணை, நேரில் வருதல் என்று மாதக்கணக்கில் ஓடும். அந்த வீட்டுப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் மனு போட்டுவிட வேண்டும்.

வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். டிசம்பரில் வாங்கினால் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பித்துச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே காலாவதியாகிவிடும். ஏப்ரல், மே தோதான மாதங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றுக்குப் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து உறுதிமொழி தர வேண்டும். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. வீட்டில் அனைவரின் படிப்பையும் காட்டும் டி.சி. போன்ற சான்றுகளைக் கேட்பார்கள். வருமான வரம்பும் கிடையாது, சாதி வரம்பும் கிடையாது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டிவிட்டது, நமக்கு ஒன்றும் இல்லை என்று ஒதுங்கும் குடும்பங்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகின்றன. ஆனால் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அக்காவும் தம்பியும் அடுத்தடுத்துப் படிக்கிறார்கள் என்றால், கட்டணம் அதிகமான படிப்பு யாருடையது என்று பார்த்துப் பயன்படுத்துங்கள். அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பி முதல் பட்டதாரி ஆக முடியாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வங்கிக் கணக்கு: அதிகம் பேர் இடறும் படி

உதவித்தொகை இப்போது ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறது. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணைவிட, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பின் பதிவில் அந்த ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதே முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இணைந்திருக்கும். நீங்கள் கடைசியாக எந்த வங்கியில் ஒப்புதல் தந்தீர்களோ அதற்குப் பணம் போகும்.

‘ஆதாரை வங்கியில் கொடுத்துவிட்டோம்’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். கே.ஒய்.சி. என்னும் அடையாளச் சரிபார்ப்புக்கு ஆதார் நகல் கொடுத்தது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தது வேறு. மைஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டு நுழைந்து ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற பகுதியைத் திறந்தால் வங்கியின் பெயரும் இணைப்பு செயலில் இருக்கிறதா என்பதும் தெரியும். அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. வர ஆதாரில் கைப்பேசி எண் இருக்க வேண்டும். பழைய எண்ணாக இருந்தால் முதல் வேலை ஆதார் மையத்தில் அதை மாற்றுவது.

பள்ளியில் திறந்த கணக்கு இரண்டு ஆண்டுகளாகப் பரிவர்த்தனை இல்லாமல் இருந்தால் செயலற்றுப் போயிருக்கும். 18 வயது நிறைந்ததும் சிறார் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்றி, கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும். கிளையில் இழுத்தடித்தால் அஞ்சலகத்துக்குப் போய் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கலாம். விரல் வைத்தாலே திறந்துவிடும். ஆதார் இணைப்புக்கும் அங்கேயே ஒப்புதல் கொடுத்துவிடலாம். கல்லூரியில் சேர்ந்ததும் ‘எல்லாரும் இந்த வங்கியில் கணக்கு தொடங்குங்கள்’ என்று முகாம் போடுவார்கள். அங்கே யோசிக்காமல் ஒப்புதல் பெட்டியை டிக் செய்தால் பணம் வரும் தடமே மாறிவிடும். ‘மூன்று மாதமாக வரவில்லை’ என்று புகார் சொல்லும் பிள்ளையின் பணம், மறந்துபோன இன்னொரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும்.

எந்த உதவி யாருக்கு

7.5 சதவீத ஒதுக்கீடு: 2020-ல் மருத்துவப் படிப்புக்குச் சட்டமாகி, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் பொருந்தும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. இந்த இடத்தில் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. இதற்கு இணையான சலுகை வேறு இல்லை.

மாதம் 1,000 ரூபாய்: மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், மாணவருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவருக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ, இளநிலைப் பட்டம் முடியும்வரை வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடையாது. வீட்டிலிருந்தபடி விண்ணப்பிக்கும் திட்டம் அல்ல. சேர்ந்த கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், அவர்தான் பதிவேற்றுவார். முதல் வாரத்திலேயே அவர் யார் என்று கேட்டுப் பிடியுங்கள்.

போஸ்ட் மெட்ரிக்: எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் மாநில நிதியில் உண்டு. பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்கும் தனித் திட்டங்கள் உள்ளன. எல்லாம் இப்போது கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் யுமிஸ் என்னும் தளம் வழியாகக் கல்லூரி மூலமே நடக்கிறது. எஸ்.சி. உதவித்தொகையில் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு நேரடியாக மாணவர் கணக்குக்கு வரும். அதில் கல்லூரிக்கு உரிய கட்டணத்தை மாணவரே கட்ட வேண்டும். கணக்கில் திடீரென்று பெருந்தொகை விழுந்ததும் வீட்டில் அவசரச் செலவு ஒன்று கண்டிப்பாக இருக்கும். செலவழித்துவிட்டால் செமஸ்டர் நேரத்தில் கல்லூரி ஹால் டிக்கெட்டைக் காட்டி நெருக்கும். பணம் எதற்காக வருகிறது என்பதை அது வருவதற்கு முன்பே அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இவை தவிர ஒன்றிய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தையும் பாருங்கள். பொறியியல் அல்லது டிப்ளமோ முதலாண்டு மாணவிக்கு தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வீட்டுக்கு இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளிக்கு சக்ஷம், பெற்றோரை இழந்தவருக்கு ஸ்வநாத் என்று அதே வரிசையில் இருக்கின்றன. மெட்ரோ நகரத்துப் பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். கிராமத்தில் பேரே தெரிவதில்லை.

விண்ணப்பமும் கலந்தாய்வும்

அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு இணையத்தில்தான் விண்ணப்பம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பம் 48, பதிவு 2 என்று 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 2 ரூபாய் மட்டும். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும், மற்றவற்றுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400-ஐயும் பார்த்துத் தரவரிசை போடுவார்கள். அதனால் கணக்கில் குறைந்து தமிழில் 92 எடுத்த பிள்ளைக்குத் தமிழ்த் துறையில் நல்ல கல்லூரி கிடைக்கும். கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நேரில் நடக்கும். இரண்டு கல்லூரிக்கு ஒரே நாள் விழுந்தால் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எனவே விண்ணப்பிக்கும்போதே பேருந்தில் போய்வரும் தூரத்தையும் பார்த்துக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். அழைப்பு குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வரும். இன்டர்நெட் சென்டர்காரரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு வந்தால் அழைப்பு அவருக்குத்தான் போகும்.

பொறியியலுக்கு 200-க்குக் கட்-ஆஃப். கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணக்கில் 78, இயற்பியலில் 70, வேதியியலில் 66 என்றால் 78 + 35 + 33 = 146. பதிவுக் கட்டணம் 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. உங்கள் மாவட்ட உதவி மையத்திலேயே கணினியும் ஆளும் உண்டு. வெளியே காசு கொடுத்துப் பதிய வேண்டியதில்லை.

பதியும்போது முதல் பட்டதாரி, போஸ்ட் மெட்ரிக், 7.5 ஆகிய கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று போட்டுச் சான்றையும் ஏற்றினால்தான் சலுகை ஒட்டும். அந்த ஒரு பெட்டியை விட்டுவிட்டு, சேரும் நாளில் கல்லூரி அலுவலகத்தில் சான்றை நீட்டிச் சண்டை போடுவதில் பயனில்லை. ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் அதில் சலுகை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். 7.5-க்குத் தகுதியுள்ளவர் பொதுப் பட்டியலிலும் இருப்பார். பொதுப் பட்டியலில் கொஞ்சம் பேர்பெற்ற கல்லூரி கிடைத்ததென்று அதை எடுத்தால், 7.5 இடத்துக்கான முழுக் கட்டண விலக்கு கைவிட்டுப் போகும். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் விடுதியையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விருப்பப் பட்டியலில் கல்லூரிப் பெயரை நம்பாதீர்கள், கல்லூரிக் குறியீட்டு எண்ணை நம்புங்கள். ஒரே பெயர்ச் சாயலில் பல கல்லூரிகள் இருக்கின்றன. ஐந்து, பத்தோடு நிறுத்தாமல் தாராளமாக அடுக்குங்கள். ஆனால் கிடைத்தால் போக மாட்டோம் என்ற இடத்தை ஒன்றுகூடப் போடாதீர்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் உறுதிசெய்யக் கிடைப்பது ஓரிரு நாள்தான். ‘ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன்’ என்று கொடுத்தவர் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கையில் இருந்த இடமும் போய்விடும். ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும் போய்விடும். அந்த வாரம் பிள்ளையை ஊர்த் திருவிழாவுக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு பாடத்தில் தவறியவருக்குத் துணைத் தேர்வு அதே கோடையில் வருகிறது. தேறியபின் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. ப்ளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம்; டிப்ளமோ முடித்தபின் பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டு நுழையலாம். ப்ளஸ் டூவோடு நின்றுபோனவர்களுக்கு ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கும். கல்லூரி, வங்கி, சான்றிதழ் வேலைகள் ஒரே இடத்தில் முடியும் என்பதால் அதை விடாதீர்கள். எங்கே, எப்போது என்று பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ல் கேட்கலாம்.

ஏஜென்ட் வீட்டுக்கு வந்தால்

தேர்வு முடிந்த கையோடு தனியார் கல்லூரி ஆட்கள் வீடு தேடி வருவார்கள். ‘ஃபீஸே இல்லை, ஸ்காலர்ஷிப்பில் பார்த்துக்கொள்கிறோம், அசல் சான்றிதழை மட்டும் கொடுங்கள்’ என்பார்கள். ஆள் பிடித்தால் அவர்களுக்குக் கமிஷன். அப்படிச் சேர்வது நிர்வாக ஒதுக்கீடு. 7.5-ம் முதல் பட்டதாரி சலுகையும் அதில் கிடையாது. கலந்தாய்வு முடியும்வரை அசல் சான்று வீட்டை விட்டு வெளியேறக் கூடாது.

சேர்ந்தபின் மாறிப்போக நேர்ந்தாலும் அசலைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லியிருக்கிறது. அதே அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணம் திரும்பும். பரிசீலனைச் செலவாகச் சிறு தொகை மட்டும் பிடிப்பார்கள். அதற்குப்பின் 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதி கழிந்து 30 நாள் ஆனபின் ஒன்றுமில்லை. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியோடு கையெழுத்துப் பெறுங்கள். வாய்ச்சொல்லுக்குத் தேதி கிடையாது.

கடன் வேண்டியிருந்தால் 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தரும் ஏற்பாடு உண்டு. பெற்றோர் இணைக் கடன்தாரர் ஆவதால் அப்பாவின் பழைய நகைக்கடன், டிராக்டர் கடன் பாக்கி குறுக்கே வரும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சேர்ந்தபிறகு

விடுதிக்குத் தனி விண்ணப்பம். கல்லூரி சேர்ந்தால் தானாக வராது. 2025 முதல் சமூக நீதி விடுதி என்று பெயர் பெற்ற அரசு விடுதிகளில் தங்குவதும் உணவும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. பெண் பிள்ளையை ‘பக்கத்து ஊர்தானே’ என்று திருப்பி அனுப்பினால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் பிள்ளைகள் விட்டுவிட்டு வருவது முதல் செமஸ்டரில். தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் பிள்ளை, புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு வகுப்பைத் தவிர்க்கத் தொடங்கும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாது, உதவித்தொகையும் ஆடும். இரண்டாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் போன் போட்டு, ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்காமல், ‘இந்த வாரம் எந்தப் பாடத்துக்கு எத்தனை வகுப்பு போனாய்’ என்று கேளுங்கள். முதலாவதற்கு ‘நல்லாயிருக்கேன்’ என்றுதான் பதில் வரும். அரியர் விழுந்தால் எத்தனை வரை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு போகலாம் என்பதை அந்தக் கல்லூரி விதியில் பாருங்கள். ராகிங் தொல்லைக்கு 1800-180-5522. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

உதவித்தொகை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியது. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது வருமானச் சான்று புதிதாக வேண்டும், யுமிஸில் விவரம் சரிபார்க்க வேண்டும், வங்கி இணைப்பை மறுபடி பார்க்க வேண்டும். முதலாண்டில் கைபிடித்துச் செய்து கொடுத்தவர்கள் இரண்டாம் ஆண்டில் ‘இனி அவனே பார்த்துக்கொள்வான்’ என்று விட்டுவிடுவதும், அவன் அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் கடைசித் தேதியைத் தவறவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. சான்று, ஒப்புகைச் சீட்டு, ஒதுக்கீட்டு ஆணை எல்லாவற்றின் நகலையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே அடுத்த புதுப்பித்தல் மாதத்தைப் பெரிதாக எழுதி, வீட்டில் ரேஷன் அட்டை இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.